குடும்ப வரலாற்றுக் கருவிகளில் முதலில் எதைச் சரிசெய்வது?

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்காக ஒரு இணையக் கருவி செய்ய நீங்களும் நண்பர்களும் இறங்கியிருக்கிறீர்கள். பெரிய தளங்கள் ஏற்கெனவே இருக்கும்போது எந்தக் குறையை முதலில் கையில் எடுப்பது என்று கேட்கிறீர்கள். குடும்ப மரத்தை இன்னும் அழகாக வரைவது, பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றுவது, தூரத்து உறவுகளைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்வது என்று உங்கள் பட்டியலில் இருப்பவை எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை நாம் எட்டிய முடிவைச் சேமித்து வைக்கின்றன. அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதைச் சேமிப்பதில்லை, அல்லது யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் சேமிக்கின்றன. இந்தத் தேடலில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எந்த மரத்தையும் திறந்து பாருங்கள். ஒரு பெட்டி. அதற்குள் ஒரு பெயர், பிறந்த ஆண்டு 1874, இறந்த ஆண்டு, மேலே பெற்றோருக்குப் போகும் கோடு. அந்த 1874 எங்கிருந்து வந்தது? குழந்தை பிறந்த மறுவாரமே எழுதிய ஞானஸ்நானப் பதிவாக இருக்கலாம். கணக்கெடுப்பில் 'வயது 27' என்று இருந்ததைக் கழித்துப் போட்டதாக இருக்கலாம். கல்லறையில் செதுக்கியதாக இருக்கலாம். வேறொருவர் மரத்திலிருந்து அப்படியே எடுத்ததாகவும் இருக்கலாம். நான்கும் திரையில் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில், ஒரே உறுதியோடு நிற்கின்றன.

ஒரே தாளுக்குள்ளும் தகவலின் தரம் மாறும். இறப்புப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த நாளைச் சொன்னவர் அன்று அருகில் இருந்தவர். அதே தாளில் உள்ள பிறந்த நாளையும் தாயின் பெயரையும் சொன்னவரும் அவரேதான், ஒருவேளை மருமகன். எழுபது வருடத்துக்கு முன் நடந்ததை அவர் கேள்விப்பட்டுத்தான் சொல்லியிருக்க முடியும். ஆகவே 'இறப்புப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு குறி போட்டால் போதாது. அந்தத் தாள் எந்தத் தகவலுக்குச் சான்று, சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியாக இடம் வேண்டும்.

இவ்வளவு கேட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்களே என்று நீங்கள் நினைக்கலாம். வரிசையை மாற்றினால் ஓட மாட்டார்கள். இப்போதைய முறைப்படி முதலில் ஆளை மரத்தில் போட வேண்டும், நேரம் கிடைத்தால் ஆதாரத்தை ஒட்ட வேண்டும். அதைத் திருப்பிப் போடுங்கள். ஆவணத்தின் படத்தை முதலில் ஏற்றட்டும். படத்தின் மேலேயே ஒரு வரியைத் தொட்டு, 'இது இன்னாருடைய பிறப்பு, இவர் தந்தை' என்று குறிக்கட்டும். அந்தக் குறிப்புகளிலிருந்து மரம் தானாக வளரட்டும். தட்டச்சு குறையும், ஆதாரமும் பிரியாமல் இருக்கும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் தேடிய ஒரு குடும்பத்தில் 1871-ல் ஒரு பெண் குழந்தை. 1874-ல் அதே பெற்றோருக்கு அதே பெயரில் இன்னொரு பெண் குழந்தை. இறந்துபோன குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது உலகின் பல பகுதிகளில் இருந்த வழக்கம்தான். எல்லோரும் சேர்ந்து திருத்தும் ஒரு மரத்தில் இருவரையும் ஏற்றியிருந்தேன். பெயர், பெற்றோர், ஊர் எல்லாம் பொருந்துவதைப் பார்த்த கருவி, 'இவர்கள் ஒரே ஆளாக இருக்கலாம்' என்று பரிந்துரைத்தது. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு பொத்தானை அழுத்திவிட்டார். பதினாலு மாதம் மட்டுமே வாழ்ந்த அந்தக் குழந்தைக்குத் திடீரென்று கணவரும் ஐந்து பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். நான் பிரித்தேன். சில மாதத்தில் இன்னொருவர் சேர்த்தார். மறுபடி பிரித்தேன், மறுபடி சேர்ந்தது. முதல் குழந்தையின் அடக்கப் பதிவு கைவசம் இருக்கிறது என்று நான் எழுதிவைத்த குறிப்பு, நான்கு சொடுக்குகளுக்கு அப்பால் வேறொரு பக்கத்தில் கிடந்தது. சேர்க்கும் பொத்தான் மட்டும் கண்ணெதிரே இருந்தது.

சேர்த்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் முன்னால் இருந்த திரை அதைத்தான் செய்யச் சொன்னது. சேர்க்கும் திரையிலேயே இரண்டு ஆவணங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்திருந்தால், 'முதல் குழந்தை 1872-ல் அடக்கம்' என்ற வரி பொத்தானுக்கு மேலே நின்றிருந்தால், யாரும் அழுத்தியிருக்க மாட்டார்கள். இருவரும் வேறு வேறு என்று குறிக்கும் வசதி சில தளங்களில் இருக்கிறது. அது போதாது. ஏன் வேறு என்ற காரணமும் அதோடு ஒட்டிக்கொண்டே வர வேண்டும். சேர்ப்பதற்கும் அப்படியே: 'ஏன் ஒருவர் என்று நினைக்கிறீர்கள்?' என்று ஒரு வாக்கியமாவது எழுதாமல் சேர்க்க விடாதீர்கள். பிரிப்பது சேர்ப்பதைப் போலவே ஒரே சொடுக்கில் நடக்க வேண்டும். சேர்க்க ஒரு நொடி, பிரிக்க ஒரு மாலைப்பொழுது என்றால் தவறுதான் ஜெயிக்கும்.

ஒரே மரத்தை எல்லோரும் பகிர்வது நல்லதா, ஆளுக்கொரு மரம் நல்லதா என்ற வாதம் பழையது. ஃபேமிலிசர்ச், 2007-ல் வந்த ஜெனி, 2008-ல் வந்த விக்கிட்ரீ ஆகிய தளங்களில் இருப்பவை பகிர்ந்த மரங்கள். ஆன்செஸ்ட்ரி தளத்தில் அவரவர் மரம் அவரவருக்கு. பகிர்ந்த மரத்தில் நல்லவர் கையாலேயே சேதம் வரும். தனி மரத்தில் ஒரே தவறு ஆயிரம் பிரதிகளாகப் பெருகும். நான் பகிர்ந்த மரத்தின் பக்கம்தான், ஆனால் காவல் வேண்டும். விக்கிட்ரீயில் 1700-க்கு முந்தைய ஆட்களைத் திருத்த வேண்டுமானால், அந்தக் காலத்து விதிகளைப் படித்து ஒரு சிறு தேர்வை முடித்திருக்க வேண்டும். எளிய ஏற்பாடு, ஆனால் பயன் பெரிது. பழைய காலத்துக்குப் போகப் போக ஆவணமும் குறைகிறது, ஆசையும் கூடுகிறது. அரச வம்சத்தோடு முடிச்சுப் போடும் கோடுகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

தானாக வரும் பரிந்துரைகளிலும் இதே நோய்தான். 'பத்து மரங்களில் இந்தத் தந்தையின் பெயர் இருக்கிறது' என்று கருவி சொல்லும்போது புதிதாக வந்தவர் பத்து சாட்சிகள் என்று நம்பிவிடுகிறார். பெரும்பாலும் ஒருவர் ஊகித்து எழுதியதை மற்ற ஒன்பது பேர் நகல் எடுத்திருப்பார்கள். எந்த மரம் எப்போது எதைப் பார்த்து எழுதியது என்ற நேரக்குறிப்பு தளத்திடம் இருக்கிறதே. அதை வைத்து, 'இந்தப் பத்தும் ஒரே மரத்திலிருந்து வந்தவை, அந்த மரத்தில் ஆவணம் எதுவும் இல்லை' என்று சொல்லிவிடலாம். பரிந்துரைகளில் ஆவணத்திலிருந்து வருவதையும் மரத்திலிருந்து வருவதையும் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

சரி, தேடலுக்கு வருவோம். பெயரை ஒலியால் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்றது 1918-ல். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியில் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு மூன்று இலக்கமாகச் சுருக்குவது அது. ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்துச் செய்தது. 'கே' எழுத்தில் தொடங்கும் கேத்தரினும் 'சி' எழுத்தில் தொடங்கும் கேத்தரினும் அதற்கு வேறு வேறு ஆட்கள், ஏனென்றால் முதல் எழுத்து மாறிவிட்டது. கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்கு இது ஒத்துவராததால்தான் 1985-ல் டெய்ச்-மொக்கோடாஃப் முறை வந்தது. அதில் ஆறு இலக்கம். ஒரு பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடும் உண்டு. ஒவ்வொரு மொழிக் குடும்பத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும். ஒரு எழுத்துமுறையிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்து எழுதும்போது ஒரே பெயர் ஏழெட்டு வடிவம் எடுக்கும். எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். 'எங்கள் குடும்பப் பெயரை இப்படித்தான் எழுதுவோம்' என்று அடம்பிடிக்கிறவர் பாட்டனைக் கண்டுபிடிக்கவே மாட்டார். கருவியும் அந்த அடத்துக்குத் துணைபோகக் கூடாது.

தேடல் படிவம் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. அங்கு வந்திறங்கியவர்களின் பயணியர் பட்டியல் 2001-ல் இணையத்துக்கு வந்தது. அதிகாரபூர்வப் படிவம் படிப்படியாக இட்டுச் சென்றதால் பலருக்குத் தேடியது கிடைக்கவில்லை. இன்டெலின் 8086 கணினிச் சில்லை வடிவமைத்த ஸ்டீபன் மோர்ஸ், அதே தரவை ஒரே படியில் துழாவும் படிவத்தைத் தானே எழுதி இலவசமாகக் கொடுத்தார். தரவில் ஒரு எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. நுழைகிற வாசலை மட்டும் அகலமாக்கினார். உலகெங்கும் இருந்து மக்கள் தங்கள் முன்னோரை அந்த வாசல் வழியாகக் கண்டுபிடித்தார்கள். உங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், நான் மிகவும் ஏங்கும் ஒரு வசதி. தேடி எதுவும் கிடைக்காதபோது கருவி என்ன சொல்ல வேண்டும்? 'முடிவுகள் இல்லை' என்று இன்று எல்லாத் தளங்களும் சொல்கின்றன. அந்த இரண்டு சொற்களுக்குள் ஐந்து வேறு செய்திகள் ஒளிந்திருக்கலாம். அந்தப் பதிவேடு இன்னும் இணையத்துக்கு வரவில்லை. படம் வந்துவிட்டது, ஆனால் பெயர் அட்டவணை போடவில்லை. போட்டிருக்கிறார்கள், ஆனால் தப்பாகப் படித்துவிட்டார்கள். பதிவேடே அழிந்துவிட்டது. அல்லது எல்லாம் சரியாக இருக்கிறது, அந்த ஆள்தான் அங்கே இல்லை. கடைசிச் செய்தி மட்டும்தான் ஆய்வில் சான்றாக நிற்கும். மற்ற நான்கையும் அதோடு குழப்பிக்கொண்டு, 'தாத்தா அந்த ஊரில் இல்லை' என்று முடிவு கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அழிந்த பதிவேடுகளின் பட்டியல் ரகசியம் அல்ல. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921-ல் நடந்த தீ விபத்தால் போனது. டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அயர்லாந்தின் பொதுப் பதிவகம் 1922 ஜூனில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் எரிந்தது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942-ல் தீக்கு இரையானது. அந்த இடத்தையும் ஆண்டையும் ஒருவர் தேடும்போதே, 'இந்தப் பதிவேடு எரிந்துவிட்டது, பதிலுக்கு இவற்றைப் பாருங்கள்' என்று கருவி சொல்லிவிட்டால் எத்தனை மாத உழைப்பு மிஞ்சும்! அயர்லாந்தில் எரிந்தவற்றின் நகல்களை உலகின் பல ஆவணக் காப்பகங்களில் தேடித் திரட்டி, 2022-ல் மெய்நிகர் பதிவகமாகத் திறந்தே விட்டார்கள். இழப்பைச் சரியாக வரைபடம் போட்டுவைத்தால் அதை நிரப்பும் வழியும் தெரியவரும் என்பதற்கு அது நல்ல உதாரணம். கூடவே, ஒருவர் எதை எப்போது எந்த எழுத்துக்கூட்டலில் தேடிப் பார்த்தார் என்ற நாட்குறிப்பையும் கருவியே எழுதிவைக்கட்டும். மூன்று வருடம் கழித்து அதே பதிவேட்டை மறுபடி புரட்டுவது இந்தத் துறையில் எல்லோருக்கும் நடக்கிறது.

கையெழுத்தை இயந்திரம் படிப்பது இப்போது வந்திருக்கும் மிகப் பெரிய மாற்றம். 1938-ல் மைக்ரோஃபிலிம் எடுக்கத் தொடங்கிய ஃபேமிலிசர்ச், 24 லட்சம் சுருள்களைக் கணினிப் படமாக்கும் வேலையை 2021-ல் முடித்தது. படம் இருந்தாலும் அதில் பெரும்பகுதிக்கு அட்டவணை இல்லை, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. 2024-ல் நிலப் பத்திரங்களிலும் உயில்களிலும் உள்ள முழு வாசகத்தையும் இயந்திரம் படித்துத் தேடும் வசதியைச் சோதனையாகத் திறந்தார்கள். பத்திரத்தின் நடுவில் சாட்சியாகவும் பக்கத்து நிலத்துக்காரராகவும் வந்துபோன பெயர்கள் எல்லாம் முதல்முறையாகத் தட்டுப்படத் தொடங்கின. இதுவரை அட்டவணை போட்டவர்கள் பத்திரம் எழுதிக்கொடுத்தவரையும் வாங்கியவரையும் மட்டும் எடுத்திருப்பார்கள். முன்னோரைத் தேட அவரைச் சுற்றியிருந்த அண்டை அயலாரைத் தேடு என்று அனுபவசாலிகள் சொல்வது இனிமேல் கைக்கு எட்டும் வேலை.

இயந்திரம் தப்பாகவும் படிக்கும். அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்பு, 72 ஆண்டு காத்திருப்பு முடிந்து 2022 ஏப்ரல் 1 அன்று வெளியானது. அன்றைக்கே இயந்திரம் படித்த பெயர் அட்டவணையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இருந்தது, பொதுமக்கள் திருத்தம் சேர்க்க வழியும் இருந்தது. இதுதான் சரியான முறை. ஆனால் திருத்தம் பழைய வாசிப்பை அழித்துவிடக் கூடாது. இயந்திரம் படித்தது, ஒரு தன்னார்வலர் படித்தது, அந்தக் குடும்பத்தவர் படித்தது என்று மூன்றும் அருகருகே இருக்கட்டும், மூன்றிலும் தேடல் நடக்கட்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில ஆவண வரிகளை வைத்து இயந்திரமே வாழ்க்கை வரலாறு எழுதித்தரும் வசதியை உங்கள் கருவியில் வைக்காதீர்கள். 'கடின உழைப்பாளி, அன்பான தாய்' என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வாக்கியங்கள் அதில் வந்துவிடும். அடுத்த தலைமுறை அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும்.

தேதி, ஊர், பெயர் மூன்றுக்கும் பெட்டி வடிவமைக்கும்போது அவசரப்படாதீர்கள். இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25. அந்த ஆண்டில் நாட்காட்டியையும் மாற்றி 11 நாளைத் தாண்டினார்கள். அதனால் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள் பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11, நாம் இப்போது சொல்வது 1732 பிப்ரவரி 22. இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கும் பெட்டி ஆவணத்தைத் திரித்துவிடும். எழுதியிருந்தபடியே ஒரு இடம், அதன் இன்றைய பொருளுக்கு ஒரு இடம் என்று இரண்டு வேண்டும். ஊருக்கும் இதே விதிதான். இன்று உக்ரைனில் லிவிவ் என்று இருக்கும் நகரம் ஆஸ்திரிய ஆட்சியில் லெம்பெர்க், போலந்தில் லுவூஃப். நகராத ஒரு வீட்டில் பிறந்து இறந்தவரின் ஆவணங்கள் மூன்று நாட்டுக் காப்பகங்களில் இருக்க முடியும். பெயரில் 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்ற இரட்டைப் பெட்டியே தவறான தொடக்கம். ஐஸ்லாந்தில் தந்தையின் பெயர்தான் பின்னால் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நார்வேயில் குடியிருந்த பண்ணையின் பெயரும் ஆளின் பெயரோடு வந்ததால், பண்ணை மாறினால் பெயரும் மாறியது. ஒருவருக்கு எத்தனை பெயரும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் காலமும் ஆவணமும் உண்டு என்று வைத்துக்கொண்டால் எந்தச் சமூகமும் அடங்கிவிடும்.

மரபணுச் சோதனை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும்: தாத்தா, தாய்மாமா, பாதிச் சகோதரர் (தாய் அல்லது தந்தை மட்டும் ஒன்று) மூவரும் நம்மோடு சுமார் 25 சதவீத மரபணுவைப் பகிர்கிறார்கள். எண்ணை மட்டும் பார்த்து ஒரு உறவுப்பெயரைத் திரையில் போடுவது ஒரு குடும்பத்தையே உலுக்கிவிடும். சாத்தியங்களைப் பட்டியலாகக் காட்டுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரம் அவர்கள் சம்மதமின்றி யாருக்கும் தெரியக் கூடாது. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். 2023-ல் மரபணுச் சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் வெளியே போனது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்புக் கேட்டது. கொடுத்த தரவு கொடுத்த இடத்திலேயே இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

தளங்களும் மூடப்படும். இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளம் 2009-ல் மூடியபோது எத்தனையோ பேர் கைப்பட எழுதிய குடும்பப் பக்கங்கள் அதோடு போயின. ஆகவே வெளியே எடுத்துச் செல்லும் வழியை முதல் நாளிலேயே கட்டுங்கள். குடும்ப மரத்தை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு வடிவம் ஜெட்காம். 1984-ல் பிறந்த அதுதான் இன்றும் இந்தத் துறையின் பொதுமொழி. பெரும்பாலான கருவிகள் பேசுவது 1999-ல் எழுதிய 5.5.1 வடிவத்தை. 2021-ல் 7.0 வந்தது. படங்களையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டலாம். 'இவருக்குத் திருமணம் ஆகவில்லை' என்பது போன்ற எதிர்மறைத் தகவலையும் அதில் பதியலாம். எத்தனை தளங்கள் 'ஏற்றுமதி உண்டு' என்று சொல்லிவிட்டு, பெயரையும் தேதியையும் மட்டும் தந்து ஆதாரங்களையும் குறிப்புகளையும் உள்ளேயே வைத்துக்கொள்கின்றன! உங்கள் கருவியிலிருந்து வெளியே எடுத்த கோப்பை, கிராம்ப்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள் ஒன்றில் ஏற்றி, அங்கிருந்து திரும்பவும் உள்ளே கொண்டுவந்து பாருங்கள். போகும் வழியில் உதிர்ந்தது எது என்று ஒவ்வொரு பதிப்புக்கும் எண்ணுங்கள்.

முதல் பதிப்பு ஓடத் தொடங்கியதும் நான் மேலே சொன்ன அந்த இரண்டு சகோதரிகளை அதில் ஏற்றிப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே பெற்றோர், 1871, 1874, மூத்தவளுக்கு 1872-ல் அடக்கப் பதிவு. இந்தக் குடும்பத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நகல் ஆட்களைச் சேர்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்று, அவர் கண் முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பொத்தானுக்குப் போனால் திரையை மாற்ற வேண்டும்.